கடைசி வரிசைக்கும் வந்த கேமரா

கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு முகத்தையும் விடமாட்டார்கள். தாலி ஏறிய கையோடு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி நாற்காலியாக வருவார்கள். பின்னாலேயே ஒருவர் கம்பில் கட்டிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். பந்தியில் வாயில் அப்பளத்தோடு இருக்கிறவருக்கும் தப்பிக்க வழியில்லை. அவரை விட்டுவிட்டால், கேசட் போட்டுப் பார்க்கிற அன்றைக்கு அந்தச் சித்தப்பா சண்டைக்கு வந்துவிடுவார் என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை ஒருவர் அப்படியே எங்கள் உபவாச ஜெபத்துக்குள் கொண்டுவந்ததால், நான் ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். திருவொற்றியூரில் வாடகை வீடு. நான், என் வீட்டுக்காரர், மாமியார் என்று மூன்றே பேர். வீட்டுக்காரர் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வெள்ளிக்கிழமைகளில் அவர் வேலைக்குப் போனதும், மாமியார் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே மகள் வீட்டுக்குப் போவார். சாயங்காலம்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் நான் பஸ் ஏறி எர்ணாவூருக்குப் போவேன். அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான ஹாலில் கிறிஸ்தவ சபை ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருவது பெரும்பாலும் பெண்கள். நான் அங்கே போவது என் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எதற்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொன்ன முதல் பேச்சு இது: "வெளக்கு வெக்கிற வூட்ல அழுவக் கூடாது. அழுதுகினே கெடந்தா அடுத்ததும் தங்காது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரரும் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார்.

எங்கள் ஜாக்கெட் தைக்கிற அக்காதான் ஒரு நாள் என்னைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லாரும் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு வேதமும் தெரியாது, பாட்டும் தெரியாது. அழுவதற்கு ஓர் இடம் கிடைத்தது, அதனால் போனேன். விசுவாசமெல்லாம் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே ஒருத்தி சபைக்குப் போகிறாள் என்று தெரிந்த அன்று, அவள் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை என் மாமியார் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். "நம்ம வூட்ல இப்புடி ஒருத்தி இருந்தானு வெச்சுக்கோ, நான் மூட்டை கூட கட்டித் தரமாட்டேன்" என்றார். எனக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளைகளோடு நெரிந்துகொண்டிருந்தான். பிள்ளை தங்காதவள் என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள். என்னை அனுப்புவதற்கு ஒரு சாக்குதான் பாக்கி இருந்தது.

எங்கள் பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒன்று மனதில் பட்டுவிட்டால் பிறகு யார் சொல்லியும் கேட்கமாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் அறிவித்தார்: கேபிள்காரரின் லோக்கல் சேனலில் சனிக்கிழமை சாயங்காலம் சபைக்கு அரைமணி நேரம் கிடைத்திருக்கிறது.

"எத்தன வீட்டுக் கதவத் தட்டுதோம்! பாதி வீட்டுல தொறக்கவே மாட்டேங்காவ. ஆனா கேபிள் வயரு எல்லா வீட்டுக்குள்ளயும் போவுதுல்லா? அது வழியா நாமளும் உள்ள போயிருவோம்" என்றார்.

எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர் பிரசங்கத்தைத்தான் எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேமராக்காரர் வந்தார். டோல்கேட் பஸ் ஸ்டாப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர், கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுப்பவர். சபைக்குள் வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. பாஸ்டரைக் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு விளக்கோடு இறங்கிவிட்டார். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. ஒவ்வொரு முகத்திடமும் நின்று, நிதானமாக, ஒருத்தருக்கும் மனக்குறை இல்லாமல்.

நான் எப்போதும் கடைசி வரிசையில் சுவரோரமாக, முக்காடு போட்டுக்கொண்டு உட்காருவேன். அன்றைக்கும் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தேன். பாட்டுச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. திடீரென்று இமைக்குள் சிவப்பாக வெளிச்சம் வந்தது. முகம் சுட்டது. கண்ணைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி கேமரா நிற்கிறது. கையைத் தூக்கி மறைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. அவர் நன்றாக எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, அடுத்தவளிடம் போனார்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன், குழம்பு வைத்தேன். உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை. மாமியார் சாப்பிட்டுவிட்டு, "இன்னா புள்ள, புத்தி எங்க கீது?" என்றார். அந்த ஒரு கேள்விக்கே நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை, நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். கேமராக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கக்கா, நீங்க தானே கடைசி வரிசை? சூப்பரா வந்துகிறீங்க" என்று திரையில் காட்டினார். சுற்றிலும் ரோஜாப் பூ. நடுவில் சீட்டுக்கட்டில் வருகிற மாதிரி ஒரு இதயம். அதற்குள் நான் அழுதுகொண்டிருந்தேன். இதயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகி, திரை முழுக்க என் முகமே நின்றது. மூக்குத்தி, கன்னத்து மச்சம், எதுவும் தப்பவில்லை.

"தம்பி, இது வேணாம். எடுத்துடுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். அங்கே வருகிற பெண்களெல்லாம் தங்கள் முகம் கொஞ்ச நேரம்தான் வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டு வருகிறவர்கள். "கவலையே படாதீங்கக்கா. உங்கள ரெண்டு தபா போட்டுகிறேன். கடைசியிலயும் வருவீங்க" என்றார்.

எனக்கு அழுவதா அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. வீட்டில் தெரியக் கூடாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது, அவர் முகமும் மாறிப்போனது. "அய்யோ அக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. சிடி போட்டு பாஸ்டரு கைல குடுத்தாச்சே" என்றார்.

அங்கிருந்து நேராகப் பாஸ்டரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபித்தார். பிறகு சொன்னார்: "எம்புட்டு நாளைக்கும்மா ஒளிஞ்சே வருவே? இதுவே கர்த்தர் தொறக்குற வாசலா இருக்கும். பயப்படாதே." சிடி ஏற்கெனவே கேபிள் ஆபீசுக்குப் போய்விட்டதாம். புதிதாக ஒன்று தயாரித்துக் கொடுக்க நேரமில்லையாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கென்ன, அவர் முகம் சுவரொட்டியிலேயே இருக்கிறது. மூட்டை அவர் வாசலில் வைக்கப்படப் போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நான் கேமராவுக்கு எதிரி இல்லை. அந்த அரைமணி நேர நிகழ்ச்சிக்காகவே கட்டிலில் படுத்தபடி காத்திருந்த நோயாளிகளைப் பிற்பாடு நானே பார்த்திருக்கிறேன். சபைகளில் பெரிய திரை வந்தது, பாட்டு வரிகள் சுவரில் ஓடின, கண் மங்கியவர்களும் சேர்ந்து பாடினார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கடைசி வரிசையில் உட்காருகிறவள் ஏன் அங்கே உட்காருகிறாள் என்று கேட்காமல் கேமராவைப் பின்பக்கம் திருப்பாதீர்கள் என்று, அன்றிலிருந்து எத்தனையோ பாஸ்டர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். சிலர் கேட்டார்கள்.

சனிக்கிழமை வந்தது. வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மாமியார் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் நான் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, கேபிள் வயரை, டிவியில் சொருகியிருந்த பின்னிலிருந்து பிடுங்கினேன். உள்ளே இருந்த செம்புக் கம்பியையும் ஒடித்துவிட்டேன். இனி கேபிள்காரர் வந்துதான் சரிசெய்ய வேண்டும். அவர் கூப்பிட்ட அன்றைக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஃபிட்டரைக் கட்டிக்கொண்டவள் இதை யோசித்திருக்க வேண்டும்.

"டேய், டிவி புள்ளி புள்ளியா கீதுடா" என்று மாமியார் அவரை எழுப்பினார். அவர் பிளேடு எடுத்து வயரைச் சீவினார், கம்பியை முறுக்கினார், பின்னில் திணித்தார். மாமியார் அந்த நேரத்தில் வேறு சேனலில் படம் பார்ப்பவர், லோக்கல் சேனல் பக்கமே போகமாட்டார். சும்மா விட்டிருந்தால் எதுவுமே நடந்திருக்காது. ஆனால் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க லோக்கல் சேனல்தான் போட வேண்டும், அதுதான் முதலில் தெளிவாக வரும். அவர் அதைத்தான் போட்டார்.

பாஸ்டர் முகம் வந்தது.

"இவங்க இதுலயும் வந்துட்டாங்களா? மாத்துடா" என்றார் மாமியார்.

"இரும்மா. கோடு வுழுதான்னு பாத்து சொல்லு" என்று அவர் டிவிக்குப் பின்னாலிருந்து பின்னை அழுத்திக்கொண்டிருந்தார்.

அதனால் மாமியார் பார்த்தே ஆக வேண்டியதாயிற்று. நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வரிசை போனது. இரண்டாவது வரிசை போனது. ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தலாம், மயங்கி விழுந்ததுபோல் நடிக்கலாம், என்னென்னவோ தோன்றியது. ரோஜாப் பூ வந்தது. இதயம் வந்தது.

மாமியார் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "டேய், இங்க வாடா. இது யாருன்னு பாரு" என்றார்.

அவர் பிளேடும் கையுமாக எழுந்து வந்து பார்த்தார். என் முகம் திரையை நிறைத்துக்கொண்டிருந்தது. கண்ணீர் வழிகிறது, உதடு அசைகிறது. மேலே கேமராக்காரர் போட்ட பாட்டு ஓடுகிறது. மாமியார் கத்த ஆரம்பித்துவிட்டார். எத்தனை நாளாக இந்த நாடகம், பொய் சொல்லிப் பொய் சொல்லி எங்கள் சோற்றைத் தின்றாயே, போ வெளியே என்று என்னென்னவோ. நான் என் வீட்டுக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தால் எங்கே அடிப்பார் என்று உடம்பு காத்திருந்தது.

"கம்முனு இரும்மா" என்றார் அவர்.

ரிமோட்டை எடுத்தார். மாற்றப் போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினார். பாட்டுதான் பெரிசாகக் கேட்டது. இன்னும் கூட்டினார். தெருவுக்கே கேட்கும்படி பாட்டு அலறியது. அவர் குனிந்து திரைக்குக் கிட்டே போய் என் உதட்டையே பார்த்தார். இதயம் சுருங்கி வேறு முகம் வந்த பிறகும் அப்படியே நின்றார். பிறகு சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சொல்லிகினு அழுவுற அதுல? பாட்டுல ஒண்ணும் கேக்கல."

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"புள்ளைய எங்க வெச்சீங்கன்னு" என்றேன். "எனக்கு யாருமே சொல்லலியேன்னு."

வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். பிளேடு இன்னும் கையில்தான் இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டார். என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினார்.

"சுடுகாட்டு செவுத்தோரமா வெச்சிகிறேன்" என்றார். "நீ கேப்ப, கேப்பன்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

குனிந்து, காலடியில் கிடந்த வயர்ச் சீவலைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"மழ பேஞ்சா தண்ணி நிக்காத எடமா பாத்துதான் வெச்சேன்."