மகனுடன் சிதம்பரம் போன சனிக்கிழமைகள்

நாங்கள் முதலில் கவனித்தது அவன் பசியைத்தான். 2007-இல் கதிருக்குப் பதினாறு வயது. பள்ளி விட்டு ஆறு மணிக்கு மேல்தான் வருவான். கண் சிவந்திருக்கும். பானையில் இருக்கிற சோற்றை ரசம்கூட ஊற்றாமல் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். வளர்கிற பிள்ளை என்று என் மனைவி செல்வி சந்தோஷப்பட்டாள்.

நான் அரசுப் பேருந்தில் நடத்துநர். கடலூர் முதுநகரில் வீடு. ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. வீட்டில் இருக்கும் நாளில் தூங்குவேன். அவன் கிரிக்கெட் மட்டையைத் தொட்டு மாதக்கணக்கானதும், கூட்டாளிகள் மாறியதும் எனக்குத் தெரியாது.

துவைக்கப் போட்ட சட்டைப் பையில் செல்வி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கண்டாள். உள்ளே கஞ்சா. அன்று அவனை பெல்ட்டால் அடித்தேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. மறுநாள் காலையில் வீட்டில் இல்லை. இரண்டு நாள் தேடினோம். பிறகு புவனகிரியிலிருந்து செல்வியின் தங்கை போன் செய்தாள்.

"மாமா, இங்கதான் இருக்கான். நீங்க வந்தா ஓடிடுவேங்குறான். அக்காவ மட்டும் அனுப்புங்க."

அடித்ததில் கஞ்சா நிற்கவில்லை. என்னிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அந்த அம்மா கதிரிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். மாத்திரை எழுதித் தருவார் என்று நினைத்திருந்தேன்.

"கடைசியா எப்ப அவன்கூட சும்மா பேசிக்கிட்டு இருந்தீங்க? படிப்பு, மார்க்குன்னு இல்லாம?"

வேலை இல்லாத நாட்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்; எல்லா நாளும் தூங்கியிருந்தேன்.

அவர் சொன்னதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தினமும் ஒருவேளை சேர்ந்து சாப்பிடுங்கள். பையைத் திருட்டுத்தனமாகத் துழாவாதீர்கள்; சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள். வீட்டில் விதி ஒன்றிரண்டு போதும், அதில் மாறாதீர்கள். நிறுத்தியதும் சில வாரங்களுக்கு விடுபடு அறிகுறிகள் (பழகியது கிடைக்காதபோது வரும் தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை) இருக்கும். அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள்.

டிப்போவில் கெஞ்சிப் பகல் வேலைக்கு மாறினேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அவனோடு சிதம்பரம் போனேன். பத்து வருடம் நின்றுகொண்டே போன தடம் அது. பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் அவன் தோள் என் தோளைவிட உயர்ந்துவிட்டது தெரிந்தது. அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவான். தொட்டுப் பேச ஆசையாக இருக்கும். தொட மாட்டேன்.

நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, ஆலப்பாக்கம் தாண்டும்போது அவனாகவே பேசினான்.

"தூக்கமே வரலப்பா."

"எனக்கும் வரலடா."

"நீ ஏன் தூங்கல?"

"நீ முழிச்சிருக்கியே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அத இழுத்தா யாரும் நம்மள எதுவும் கேக்காத மாதிரி இருக்கும்பா" என்றான். நான் எதுவும் கேட்கவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு மாலை, சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நேத்து திரும்ப இழுத்துட்டேன்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சனிக்கிழம வரைக்கும் வேணாம். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்" என்றேன். டாக்டர் அதை மறுசறுக்கல் (விட்ட பழக்கம் திரும்ப வருவது) என்றார். "அவனே வந்து சொன்னான் பாருங்க, அத கவனிங்க" என்றார்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒருமுறை தோற்றான். மறுபடி எழுதித் தேறினான். டிப்ளமோ முடித்து, இந்த 2012-இல் ஓசூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். விட்டு நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறு காலை போன் செய்வான். சனிக்கிழமை சாயங்காலமே என் உடம்பு காத்திருக்கத் தொடங்கிவிடும். மற்ற ஆறு நாளும் எனக்குக் கிழமை தெரிவதில்லை.

போன வாரம் பேசும்போது அவனுக்கு எவ்வளவு கனத்த குரல் என்று முதல்முறையாகக் கவனித்தேன். "இவனுக்கு எப்ப குரல் உடைஞ்சுது?" என்று செல்வியைக் கேட்டேன்.

"நீங்க இங்கதான் இருந்தீங்க" என்றாள்.

நினைத்துப் பார்க்கிறேன். பதினான்கு வயதில் 'அப்பா' என்று கூப்பிட்ட மெல்லிய குரல் வருகிறது. அதற்கப்புறம் இந்தக் கனத்த குரல். நடுவில் உடைந்த அந்தக் குரல் எப்படி இருந்ததென்று இனி நான் கேட்கவே முடியாது.