மூன்று முறை அணைந்து எரிந்த விளக்கு

தெருவில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். தையற்காரி என்பதால் பாதி, நறுக்கென்று பேசுவாள் என்பதால் மீதி. ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கிவிட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள்.

கணவர் இருந்தவரை கதவு தட்டினால் அவர் போய்த் திறப்பார். அவர் காலமான பிறகு மூன்றாம் மாடி வீட்டில் அவளும் தையல் மெஷினும் மட்டும். திரைச்சீலைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனார்கள். கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தாள். ஒரு நாள் நூல் எடுக்கத் திரும்பினால், முன்பின் தெரியாத ஆள் ஒருவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். பாவம், வீடு மாறி வந்தவன். அவள் போட்ட கூச்சலில் அவன்தான் அதிகம் பயந்தான். அன்றிலிருந்து உள்ளே தாழ்ப்பாள்.

வெளியூரில் இருக்கும் தங்கை ஒரு முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். முக்கால் மணி நேரம் தட்டினாள். போனில் அழைத்தாள், அக்காவின் போன் துணிக் குவியலுக்கு அடியில் கிடந்து துடித்தது யாருக்குத் தெரியும்? வெட்டுத்துணிகளைக் கொட்ட அக்கா கதவைத் திறந்தபோது, தங்கை படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"உள்ள விழுந்து கெடக்கியோன்னு உயிரே போயிடுச்சு. பேசாம என்னோட வந்துடுக்கா."

"வந்து?"

"வந்து உக்காந்து சாப்பிடு. உனக்கென்ன குறை?"

"சும்மா உக்கார எனக்குத் தெரியாது."

தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை. "ஒரு மாசம் டைம். மறுபடி சொல்லாமத்தான் வருவேன். கதவு திறக்கலைன்னா அன்னைக்கே மூட்டை கட்டணும்."

"கட்டறேன். இப்ப காபி குடி" என்றாள் கத்திரி. வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, தங்கை போனதும் கைகால் ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து மெஷினுக்குப் பல்பு வாங்க மின்சாதனக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கையிலிருந்த போனைத் தொட்டார். மூலையில் இருந்த மேசைவிளக்கு அணைந்தது. மறுபடி தொட்டார், எரிந்தது.

"அது எப்படி?"

கடைக்காரர் அலமாரியைப் பார்த்தபடி ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

அவர் திரும்பி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா ஒன்றைக் காட்டினார். "ஸ்மார்ட் பிளக். சுவத்துல இதைச் சொருகி, இதுல விளக்கைச் சொருகணும். போன்லயே போடலாம், அணைக்கலாம்."

"வாசல்ல ஒரு பட்டன் வச்சு, அதை அமுக்கினா அணையுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வயர் இல்லாத பட்டன் தனியா இருக்கு. ரெண்டும் ஒரே ஆப்ல சேரும்னு அட்டையில போட்டிருக்கான். நான் செஞ்சு பாத்ததில்லக்கா."

"நான் பாக்கறேன்" என்று இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் பிளக் வைஃபையோடு ஒட்டவே இல்லை. சின்ன நீல வெளிச்சம் படபடவென்று அடித்துவிட்டு ஓய்ந்துபோனது. அவள் வீட்டு வைஃபைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வேகமானதை விட்டுவிட்டு மற்றதில் சேர்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் மெஷின் பக்கத்து மேசைவிளக்கைச் சேர்த்துப் பட்டனை அமுக்கினாள். விளக்கு அணைந்தது. கூடவே மெஷினும் நின்றது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி, அந்தப் பெட்டியைப் பிளக்கில் சொருகியிருந்தாள்! தன்னைத்தானே திட்டிக்கொண்டு மெஷினை வேறு இடத்தில் மாட்டினாள்.

அதன் பிறகும் ஒரு சிக்கல். கரண்ட் மேலும் கீழும் ஆடினாலும் விளக்கு ஒரு தடவை சிமிட்டும். நம்பிப் போய்க் கதவைத் திறந்தால் காலிப் படிக்கட்டு. அதனால் ஆப்பில் ஒரு வரிசை எழுதினாள்: அணை, ஒரு நொடி பொறு, எரி, இப்படி மூன்று முறை. விளக்கை ஊசிக்கு நேர் மேலே வளைத்து வைத்தாள். குனிந்து தைக்கும்போது எங்கோ ஒரு விளக்கு எரிந்தால் கவனிக்க முடியாது. கைக்குக் கீழே இருக்கும் துணி இருண்டால் கவனிக்காமல் இருக்கவே முடியாது. சமையலறை விளக்குக்கும் ஒரு பிளக் வாங்கினாள். பட்டனை வாசலில் ஒட்டி, மேலே எழுதினாள்: 'தட்டாதீர்கள். அமுக்குங்கள்.'

சனிக்கிழமை மதியம். மருத்துவமனைக்கான பச்சைத் திரையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்கடியில் துணி இருண்டது. எரிந்தது. இருண்டது. மூன்றாவது முறை வெளிச்சம் வருவதற்குள் அவள் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

கதவைத் திறந்தாள். தங்கை பட்டனிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை.

"எப்படிக்கா? என்னை ஜன்னல்ல பாத்துட்டியா?"

"உள்ள போய் விளக்கைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கத்திரி வெளியே வந்து அமுக்கினாள். உள்ளே தங்கை "ஐயோ!" என்று கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை; ஆனால் ஓடிவந்த முகத்தில் எல்லாம் இருந்தது. பிறகு தங்கை வெளியே, அக்கா உள்ளே. பிறகு மாறி மாறி. கீழ்வீட்டுக்காரர் என்ன ரகளை என்று ஏறி வந்து, தானும் ஒரு முறை அமுக்கிவிட்டுப் போனார்.

"மூட்டை?" என்று கேட்டாள் கத்திரி.

"மூட்டையாவது ஒண்ணாவது. பசிக்குது, சாப்பாடு போடு" என்றாள் தங்கை.

செய்தி பரவியது. ஞாயிறுதோறும் பூங்காவில் கூடிக் கைகளால் பேசிக்கொள்ளும் காது கேளாதவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். "எனக்கும்" என்றார் அச்சகத்தில் வேலை செய்பவர். "எனக்கு முதலில்" என்றாள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். கைப்பையில் திருப்புளியோடு கத்திரி வீடு வீடாகப் போனாள். நான்கு மாதத்தில் பதினோரு வீடுகள்.

பன்னிரண்டாவது, ஒரு இளம் தம்பதியின் வீடு. இருவருக்குமே காது கேட்காது; ஆறு வாரக் குழந்தை. அது அழுவது தெரியாமல் போய்விடுமோ என்று இருவரும் முறைபோட்டுக்கொண்டு தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பட்டனுக்குப் பதிலாக, சத்தம் வந்தால் விளக்குக்குச் சொல்லும் சின்னக் கருவி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தொட்டிலருகே வைத்தாள் கத்திரி. பூங்காக் கூட்டத்தில் பாதி அந்தக் கூடத்தில் வந்து காத்திருந்தது. குழந்தையோ நிம்மதியாகத் தூங்கியது. பத்து நிமிடம். இருபது நிமிடம்.

கூடத்து விளக்கு அணைந்தது. எரிந்தது. தாய் எழுந்து ஓடினாள். முகம் சிவக்கச் சிவக்க அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து ஆட்டினார்கள். காது கேளாதவர்கள் கைதட்டுவது அப்படித்தான். எல்லாக் கைகளும் கத்திரியின் பக்கம் திரும்பியிருந்தன.