கடைமடைக்காரனின் காலேஜ் வரிசை

போன வாரம் முத்துப்பேட்டைப் பக்கம் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் யாழினி நல்ல கட்-ஆஃப் எடுத்திருக்கிறாள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில், விரும்பும் காலேஜ்களை ஆன்லைனில் வரிசைப்படுத்தி ‘லாக்’ செய்ய மறுநாள் மாலை வரை டைம்.

ஒரு பெண் இன்ஜினியரிங் சேர என்ன வேண்டும்? மார்க், ஆர்வம், கொஞ்சம் ஃபீஸ் என்றுதானே நினைப்பீர்கள்? பாவம் நீங்கள்!

முதலில் வேண்டியது, ஊரிலுள்ள அத்தனை பேரின் ஆலோசனை. “ஏஐ வந்துடுச்சு, இனிமே கம்ப்யூட்டர் படிச்சா வேலைக்கு ஆகாது” என்றார் டீக்கடையில் ஒருவர். “ஏஐ வந்துடுச்சு, இனிமே கம்ப்யூட்டர் மட்டுந்தான்” என்றார் பக்கத்தில் இருந்தவர். இருவரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்.

யாழினி கேட்டது எலெக்ட்ரானிக்ஸ். அதுவும் சென்னையில் ஓர் அரசு காலேஜில். அவள் மார்க்குக்கு அது அநேகமாகக் கிடைத்துவிடும். ஆனால் தம்பி போட்ட வரிசையில் அது கடைசியில் இருந்தது. முதலிடத்தில்? வீட்டுக்கு எதிரிலேயே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் ஒரு காலேஜ். ஃப்ளெக்ஸ் போர்டில் எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்ட காலேஜ்!

“ஏண்டா இப்படி?”

“நாம கடைமடைக்காரங்கக்கா. மேட்டூர்ல தொறந்தா ஊரெல்லாம் பாய்ஞ்சு மிச்சந்தான் நமக்கு. வர்றத மொதல்ல வயல்ல கட்டிக்கணும். அப்புறந்தான் இன்னும் வேணும்னு கேக்கணும். எடுத்ததுமே பெருசா கேட்டா உள்ளதும் போயிடும்.”

வாய்க்கால் பாசனத்தை வைத்துக் கவுன்சலிங் நடத்துபவனை என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். கவுன்சலிங் கம்ப்யூட்டர் இந்த வரிசையில் மேலிருந்து கீழே வரும். முதலில் இருப்பது கிடைத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். கீழே கிடக்கும் சென்னையை எட்டிக்கூடப் பார்க்காது. பெரியதை மேலே போட்டு, அது கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, அடுத்தது வரும்...

“அப்படித்தாங்க்கா சொல்வாங்க. கடைமடை வரைக்கும் தண்ணி வரும்னுந்தான் வருஷா வருஷம் சொல்றாங்க.”



மறுநாள் அவன் வயலுக்குப் போனதும் யாழினி லேப்டாப்பைத் திறந்தாள். சென்னையைத் தூக்கி முதலிடத்தில் வைத்தாள். நான் தூண்டிவிடவில்லை. தடுக்கவுமில்லை. லாக் செய்யப் போனால்... ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகிறது! நம் பெண்பிள்ளைகளின் எதிர்காலம் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது பாருங்கள்.

ஸ்பீக்கரில் போட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“அப்பா, ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க.”

“எந்த காலேஜும்மா மேல இருக்கு?”

யாழினி என்னைப் பார்த்தாள்.

“சென்னைப்பா.”

இவன் இப்போது போனை வைத்துவிட்டால் இந்தப் பெண் நாலு வருஷம் அந்த ஃப்ளெக்ஸ் போர்டுக்குக் கீழேதான் படிக்க வேண்டும்!

பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். அவள் தட்டினாள். லாக் ஆகிவிட்டது. ஆனால் அவன் போனை வைக்கவில்லை.

“யாழினி... அந்த ஹாஸ்டல்ல சனி, ஞாயிறு வீட்டுக்கு விடுவாங்களாம்மா?”

அவள் லேப்டாப்பில் ஹாஸ்டல் விதிகளைத் தேடப் போனாள்.

“விடுவாங்கடா, வாராவாரம் விடுவாங்க” என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்த ஹாஸ்டலின் கேட்டைக்கூட நான் பார்த்ததில்லை!