ஒரு பிடி அரிசி மாவு

மகள் லண்டனில் தாதிகளுக்குப் பாடம் நடத்துகிறாள். போன வருஷம் நான் அவள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாணவிகள் நாலு பேர் வந்து உங்கள் ஊர்ப் பலகாரம் ஒன்று சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எனக்கு மாணவிகள். சிரிப்புதான் வந்தது.

கடையில் மரவள்ளிக் கிழங்கு கிடைத்தது. புட்டு என்று முடிவாயிற்று. ஜமைக்காப் பிள்ளை ஒருத்தி என்னைவிட வேகமாகத் துருவினாள். அவர்கள் ஊரிலும் உண்டாம். துருவியதைத் துணியில் கட்டிப் பிழிந்தேன். பச்சை வாசனை கிளம்பியது. கை நின்றுவிட்டது.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க அந்த வாசனைதான். கெடாவில், ஜெராய் மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட். அந்தப் பக்கம் யான், நெல் விளையும் ஊர். எங்களுக்குத்தான் அரிசி இல்லை. மூன்று வேளையும் கிழங்கு. மரவள்ளி மாவை மட்டும் அவித்தால் புட்டு பசைபோல் ஒட்டும். குழந்தைகள் துப்பிவிடும்.

என் வீட்டுக்காரர் கல்யாணச் சேலையை யானில் கொடுத்து அரிசி கொண்டுவந்தார். ஜப்பான்காரனுக்குத் தெரியாமல்தான். கள்ள அரிசி வைத்திருந்தால் ஆளைப் பிடித்துக்கொண்டு போவான். நான் அதை இடித்து, மரவள்ளி மாவு டின்னிலேயே கலந்துவைத்தேன். இரண்டும் வெள்ளை. சோதனைக்கு வந்த சிப்பாய் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பாக்கியத்தின் குழந்தை எதையும் தின்னவில்லை. என் புட்டைத் தின்றது.

"ஒனக்கு மட்டும் எப்படிக்கா உதிரியா வருது? சொல்லேன்லா."

"கைப்பக்குவம்டி."

"போக்கா. புள்ள செத்துரும் போல இருக்கு."

சொல்லிக்கொடுத்தேன். எந்த டின், எத்தனைக்கு எத்தனை, எல்லாம். அந்த டின்னிலிருந்து ஒரு பிடி அள்ளியும் கொடுத்தேன். என் முதல் மாணவி அவள்தான். மூன்று நாளில் என்னைவிட நன்றாக அவித்தாள். குழந்தை தேறியது.

அப்போது சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட்டிலிருந்து ஆள் பிடித்தார்கள். கங்காணி பெயர் எழுதுவார். பாக்கியத்தின் தம்பி பெயரும் இருந்தது. போனவர் யாரும் அதுவரை திரும்பவில்லை.

ஒரு விடியற்காலை கங்காணி சிப்பாயோடு என் வீட்டுக்குள் வந்தார். அடுப்படியில் ஏழெட்டு டின்கள். நேராக அந்த டின்னை எடுத்தார். வேறு எதையும் தொடவில்லை. மாவை விரலால் தேய்த்துப் பார்த்து, "அரிசிதான்" என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டார். "ஒடம்பப் பாத்துக்க" என்றார். நான் அப்போது ஐந்து மாதம். லாரி போயிற்று. பாக்கியத்தின் தம்பி லாரியில் இல்லை.

பாக்கியம் எட்டு நாள் கழித்து வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"தம்பிய தூக்கிருவாங்கன்னு பயந்துட்டேங்கா."

"புட்டு நல்லா வருதா?" என்றேன்.

அவள் போய்விட்டாள். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. இருபது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம்.

அவர் திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றும் தெரியாது. வயிற்றில் இருந்தவள்தான் லண்டன்காரி.

அவள் அடுப்படியில் புட்டு வெந்தது. ஒட்டியது. பிள்ளைகள் விரலை நக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏம்மா ஒட்டுது? ஏதாச்சும் சேக்கணுமா?" என்றாள் மகள். அலமாரியில் அரிசி மாவுப் பொட்டலம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"மரவள்ளின்னா அப்படித்தான்."

ஊர் திரும்பியதும் எஸ்டேட் பக்கம் போய்ப் பார்த்தேன். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்தை இடித்துவிட்டார்கள். பாக்கியம் செத்து ஆறு வருஷமாம். எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த குழாயைத் தேடினேன். அதுவும் இல்லை.