மண்ணெண்ணெய் டின்னில் மல்லிகை

பீடோர் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பிறந்து வளர்ந்த லயம். வாசலில் அவர் வைத்திருந்த செம்பருத்தி, மல்லிகை எதையும் பெயர்க்க முடியவில்லை. லாரியில் ஏறியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு மலிவு வீடு வாங்கினோம். ஈயம் தோண்டி முடித்த நிலம். வாசலெல்லாம் வெள்ளை மணல், புல்கூட முளைக்க யோசிக்கும். நான் கொல்லையில் குழி வெட்டி, காய்கறித் தோல், மீன் செதிள், டீத்தூள், பக்கத்து வீட்டில் வெட்டிப் போட்ட புல் என்று எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். சில மாதம் கழித்துக் கிளறினால் கறுப்பாக, பொலபொலவென்று உரம். வாசலில் பாத்தி கட்டி, அதைப் பரப்பி, காலத்துக்கும் நிற்கிற மாதிரி மல்லிகை வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் விடவில்லை. உரத்தை அள்ளி மண்ணெண்ணெய் டின்களில் நிரப்பி, செடிகளை அதில் நட்டார்.

“நாளைக்கே கெளம்பச் சொன்னா எதத் தூக்கிட்டுப் போவ?”

“யாரு சொல்லுவா? இது நம்ம வீடுலா!”

“அங்கயும் அப்படித்தான் நெனச்சோம்.”

ஆனாலும் எனக்குக் கோபம்தான். டின்னுக்குள் வேர் சுருண்டு, மல்லிகை பேருக்குப் பூத்தது. நல்ல உரம் வீணாகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே நான் உரம் போடுவேன், அவர் தண்ணீர் ஊற்றுவார். சில வருஷம் கழித்து ஒரு டின் மட்டும் கொட்டிக் கொட்டிப் பூக்க ஆரம்பித்தது.

“பாத்தியா, டின்னுலயும் பூக்குது” என்று அவருக்கு ஒரே பெருமை. நானும் அந்த டின்னுக்கு இன்னும் ஒரு பிடி உரம் போட்டேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கூடாரம் போட என் தம்பி டின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்தான். கொட்டிக் கொட்டிப் பூத்த அந்த மல்லிகை டின் மட்டும் அசையவில்லை.

“அக்கா, அடி துருப்பிடிச்சு ஓட்டையாயிருச்சு. வேரு தரைக்குள்ள போயிருக்கு. வெட்டிரவா?”

“தொடாதே!” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். கூடாரத்துக் காலைத் தள்ளி நட்டார்கள்.

இத்தனை வருஷம் டின்னிலிருந்து கசிந்த உரத் தண்ணீரில், அடியில் இருந்த மணல் கறுத்துப்போயிருந்தது. ஒரு தடவையாவது அவர் அந்த டின்னை அசைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? அந்த வாசலில் வேர் பிடித்துவிட்டது என்று தெரியாமலே போய்விட்டாரே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எங்களை யாரும் கிளம்பச் சொல்லவே இல்லை. அவர்தான் கிளம்பிவிட்டார்.