சாப்பாட்டு அறையில் நிரப்பிய தாள்

கேரள எல்லையை ஒட்டிய நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் நான் சேலைப் பிரிவு சூப்பர்வைசர். என் தொண்டை பெரிது. இரண்டாம் மாடியில் நான் பேசினால் வாசலில் செக்யூரிட்டி திரும்பிப் பார்ப்பார் என்று கேலி செய்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓண வியாபாரம் தொடங்கும் முன் நிர்வாகம் ஆளுக்கொரு தாள் கொடுத்தது. ஊழியர்களின் மனநலம் பற்றிப் பத்துக் கேள்விகள். விருப்பம் என்று குறித்தால் மனநல ஆலோசனை தரும் கவுன்சிலரைப் பார்க்கலாம். எல்லாம் மலையாளத்தில். என் பிரிவில் ஒருத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளியில் படித்து, பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவள். மலையாளம் சரளமாகப் பேசுவாள், எழுத்து மட்டும் தெரியாது.

"அக்கா, எனக்க தாளை நீங்க எழுதித் தாருங்க" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரம். சுற்றிலும் ஆறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் வழக்கமான குரலில் ஆரம்பித்தேன்.

"ஒறக்கம் ஒழுங்கா உண்டா மக்கா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உண்டுக்கா" என்றாள்.

"சும்மா இருக்கும்போ அழுகை வருதா?"

யாரோ சிரித்தார்கள். "ஓணத்துக்கு லீவு இல்லேன்னா இவளுக்கு வரும்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். அவளும் சிரித்து, "இல்லக்கா" என்றாள். பத்துக் கேள்விகளையும் ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். கவுன்சிலர் வேண்டாம் என்று குறித்தேன். கீழே அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, கூட்டம் நெரியும் நேரத்தில், ஒரு அம்மா அவளிடம் வேறு நிறம் கேட்டார். எடுக்கத் திரும்பியவள் விரித்துக் கிடந்த சேலைகளின் நடுவே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எழுப்ப முடியவில்லை. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

மறுநாள் அவளுடைய கணவர் அவளுக்கு லீவு கேட்டு வந்தார். நான்தான் மேனேஜரிடம் கூட்டிப்போனேன். மேனேஜர் ஃபைலில் இருந்து தாளை எடுத்து நீட்டி, "ஒரு பிரச்சினையும் இல்லைன்னுதானே எழுதியிருக்கா" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவள்.

கணவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"மூணு மாசமாட்டு அவளுக்கு ஒறக்கமே இல்லக்கா. டாக்டர்ட்ட போலாம்னு கூப்பிட்டேன். கடையில ஒரு தாள் தாறாங்க, அதில எல்லாத்தையும் சொல்லுவேன்னு சொன்னாளே. இது அவ எழுதினதாக்குமா?"