உப்பு போட்டால் போதும்

கஷ்டமான வீடியோ கேமுக்கு ஈஸி மோடு தேவையா இல்லையா என்று எவனாவது இணையத்தில் வாய் கிழியப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்காமல் தாண்டிப் போகவும் முடியாது. ஒரு காலத்தில் அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் என் அண்ணன்.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் தக்காளி லோடு ஓட்டினான். மார்க்கெட்டில் ஏற்றி, போய் இறக்கிவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவான். பெங்களூரிலிருந்து யாரோ பயன்படுத்திய கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதில் அவன் ஆடியது ஒரே ஒரு கேம். கவசம் போட்ட ஒரு வீரன், இடிந்த கோட்டைகள், ஒரே அடியில் ஆளை முடித்துவிடுகிற அரக்கர்கள். செத்துச் செத்துத்தான் முன்னே போக வேண்டும். ஈஸி மோடு என்ற பேச்சே அதில் கிடையாது. எல்லாம் தாண்டினால் கடைசியில் ஒரு ராஜா. அண்ணன் அந்த ராஜா வரைக்கும் வந்திருந்தான்.

எனக்கு முதல் பாலத்தையே தாண்ட வரவில்லை. "இதுல கொஞ்சம் ஈஸியா ஒண்ணு வெச்சா என்னா கொறஞ்சா போயிரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். "ஈஸியா வேணும்னா போயி பல்லாங்குழி ஆடு பாப்பா."

கேம் ஆடுகிறவர்களின் குழு ஒன்று போனில் இருந்தது. அங்கேயும் இதே வாய்தான். கை நடுங்குகிறது, கண் மங்கல், கொஞ்சம் சுலபமாக்கினால் நாங்களும் ஆடுவோமே என்று யாராவது கெஞ்சுவார்கள். "முடியலன்னா வேற கேம் ஆடுங்க" என்று இவன் பதில் போடுவான். அதற்கு விழுகிற லைக்கை என்னிடம் காட்டிச் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவன் வண்டி கவிழ்ந்தது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது, மற்றதை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இடது கால் முட்டி மடங்காமல் போனது. அவனை உள்ளே வைத்திருந்த நாட்களில் அம்மா ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து ஊர் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். "எம்புள்ளய உசுரோட குடுத்துரு தாயே. அவனே வந்து உன் தீய மிதிப்பான்."

அம்மன் உசுரை மட்டும்தான் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு வண்டி இல்லை, மார்க்கெட் இல்லை. சட்டைப் பொத்தான் போடக்கூட நான்தான் போக வேண்டும். அவனுக்கென்று மிச்சமிருந்தது அந்த ராஜா ஒருத்தன்தான். "இவன ஒருதடவ முடிச்சுட்டேன்னு வையி பாப்பா, நான் பழைய ஆளுதான்னு எனக்கே தெரிஞ்சுரும்" என்றான். அதன் பிறகு அது கேம் இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கண்ட்ரோலரைத் தொடையில் அண்டக் கொடுத்து ஆடுவான். வாள் வீசுகிற பொத்தான் பின்பக்கம், ஆள்காட்டி விரல் படுகிற இடத்தில் இருக்கிறது. அந்த விரல்தான் இல்லையே. பொத்தான்களை மாற்றி வைத்துப் பார்த்தான். தப்பிக்கவும் ஒரே விரல், அடிக்கவும் அதே விரல் என்றால் ராஜா காத்துக்கொண்டா இருப்பான்? விழுவான், எழுவான், மறுபடி விழுவான். "அந்தப் பக்கத்த நான் அழுத்தறேண்ணா" என்று கை நீட்டினால் "தொடாத" என்று கத்துவான். அடுப்படியில் இருந்து அம்மா, "அந்த ராசா செத்தா என்னா, இருந்தா என்னா? இத செஞ்சவனுக்குக் கொஞ்சம் எளக்கமா செய்யத் தெரியலயா?" என்று புலம்புவாள். எனக்கும் அதே வயிற்றெரிச்சல்தான்.

கடைசியில் மானத்தை விட்டு அந்தக் குழுவில் கேட்டான். விபத்தில் கை போய்விட்டது, ராஜாவை ஜெயிக்க வேறு வழி ஏதாவது உண்டா என்று. இவனை யாரென்றே தெரியாத ஒருத்தன் பதில் போட்டிருந்தான்: "முடியலன்னா வேற கேம் ஆடுங்க." அதற்கும் லைக் விழுந்திருந்தது. அண்ணன் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். நான்தான் அந்த முகம் தெரியாதவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தேன்.

தீமிதி வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டிக்கொண்டவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் தீ மிதிக்க வேண்டியதில்லை. மடியில் கல்லுப்பு கட்டிக்கொண்டு குழியை மூன்று சுற்று சுற்றி வந்து, உப்பை நெருப்பில் போட்டுவிட்டால் வேண்டுதல் தீர்ந்தது. யாரும் குறையாகப் பேச மாட்டார்கள். பூசாரியே வீடு தேடி வந்து சொன்னார். "கால் மடங்காத புள்ள. உப்பு போட்டா போதும்மா. ஆத்தா கணக்குல ரெண்டும் ஒண்ணுதாங்க."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று, "பாத்தியாண்ணா, சாமியே ஈஸி மோடு வெச்சிருக்குது" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "எனக்கு ஒருத்தரும் ஈஸியாக்கித் தர வேணாம்" என்றான். அம்மா அழுதாள், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவன் வீம்பு அவனை விட்டு இறங்கவில்லை.

மஞ்சள் வேட்டி கட்டி, ஈரத்தோடு வரிசையில் நின்றான். குழி ஓரத்தில் பூசாரி அவன் தோளைப் பிடித்து, "வேணாம் சாமி" என்றார். உதறிவிட்டு இறங்கினான். மற்றவர்கள் ஓடித் தாண்டுகிற நெருப்பு அது. இவனால் காலைத் தூக்கி வைக்க முடியாது, இழுத்துத்தான் வைக்க வேண்டும். பாதி தூரத்தில் அந்தக் கால் தணலில் புதைந்து இடறியது. விழப் போகிறவன் கையைத்தானே ஊன்றுவான்? ஊன்றுவதற்கு அவனிடம் முழுசாக இருந்தது இடது கை ஒன்றுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தணலுக்குள் போனது. இரண்டு பேர் உள்ளே பாய்ந்து தூக்கினார்கள். அம்மா ஓடின ஓட்டத்தில் மடியில் கட்டி வைத்திருந்த உப்பெல்லாம் மண்ணில் கொட்டிக் கிடந்தது.

"என்னா வைராக்கியம் பாத்தியா!" என்று கூட்டத்தில் ஒருத்தர் மெச்சினார். அவரை அடிக்கப் போனேன், பிடித்துக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்கள் பட்ட காலிலே படும் என்றார்கள். எது பட்டது? இவனாகப் போய் வாங்கிக்கொண்டு வந்ததல்லவா இது? புண் ஆறியபோது இடது கை விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிக்கொண்டன. இனி விரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது நானோ அம்மாவோதான் ஊட்டிவிடுகிறோம். வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

கேம் பெட்டி துணி மூடிக் கிடந்தது. போன வாரம், சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடி கேட்டான். "பாப்பா, ஒரு பட்டன்ல ஆடற மாதிரி ஏதாச்சும் இருந்தா போடேன்."

தேடிப் பிடித்துப் போட்டேன். சின்னப் பிள்ளைகள் ஆடுவது. ஒரு முயல் ஓடுகிறது, பொத்தானை அழுத்தினால் பள்ளம் தாண்டுகிறது. ஆரம்பிக்கும் முன்னால் ஈஸியா, கஷ்டமா என்று கேட்டது. கண்ட்ரோலரை அவன் மடியில் வைத்துவிட்டு நான் தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்தேன். அவன் அந்த இரண்டு சொற்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மிஞ்சியிருந்த கட்டைவிரலால் ஈஸியை அழுத்தினான். முயல் ஓட ஆரம்பித்தது.

"யாருகிட்டயும் சொல்லிறாத பாப்பா" என்றான்.